“வீட்டுக்குள்ளேயே இருங்கள்” – உள்ளே இருக்கும் காற்றை அளப்பது யார்?

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அப்போது நான் இயந்திரப் பொறியியல் மாணவன். விடுமுறைக்குக் கிள்ளானில் உள்ள வீட்டிற்கு வந்திருந்தேன். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். அம்மாதம் 11ஆம் தேதி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அரசாங்கம் அவசரகாலத்தை அறிவித்தது. வானொலியில் திரும்பத் திரும்ப ஒரே அறிவுரை: வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

அம்மா துணிகளை நனைத்துச் சன்னல் இடுக்குகளில் செருகினார். தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு நோய். அன்றிரவு அவனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: “ஏன் அண்ணே, உள்ள மட்டும் புகை இல்லையா?”

பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. வெளியே குறியீடு எவ்வளவு என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. எங்கள் வரவேற்பறையில் எவ்வளவு என்று சொல்ல யாரும் இல்லை. அந்தக் கேள்விதான் பிறகு என் வேலையாக ஆனது. கட்டடங்களுக்கு உள்ளே இருக்கும் காற்றையும் வெப்பத்தையும் அளப்பது, அவை மனிதர்களை என்ன செய்கின்றன என்று ஆராய்வது, அவற்றைச் சரிசெய்ய வழி காண்பது. இந்தத் துறையைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல நினைப்பதற்குக் காரணம், நீங்கள் தினமும் ஆறேழு மணி நேரம் உட்காரும் வகுப்பறையும் இதற்குள் அடங்கியிருப்பதுதான்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

1997 செப்டம்பரில் கூச்சிங்கில் குறியீடு 839 வரை சென்றது. 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் கிள்ளானை அடுத்த ஜொகான் செத்தியாவில் குறியீடு 200ஐத் தாண்ட, சிலாங்கூரில் பல பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே அண்டை நாட்டுப் புகை மட்டுமல்ல, அருகிலுள்ள கரிமண் நிலங்களில் பிடிக்கும் தீயும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் வறண்ட மாதங்கள் வரும்போதெல்லாம் இந்தக் கவலையும் கூடவே வருகிறது.

2018 முதல் இக்குறியீட்டில் பி.எம். 2.5 எனும் நுண்துகளும் சேர்க்கப்பட்டுள்ளது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள துகள் இது. மூக்கு அதைத் தடுப்பதில்லை; நுரையீரலின் அடிவரை போகும். குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200ஐத் தாண்டினால் மூட வேண்டும் என்பது கல்வியமைச்சின் வழிகாட்டுதல்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த எண், திறந்த வெளியில் நிற்கும் ஒரு நிலையத்தின் எண். சன்னல்கள் திறந்திருக்கும் வகுப்பறையில் பி.எம். 2.5இன் அளவு வெளியே இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும். சன்னலைச் சாத்தினால் குறையும்; ஆனாலும் இடுக்குகள் வழியே சில மணி நேரத்தில் கணிசமான பங்கு உள்ளே வந்துவிடும். அம்மாவின் ஈரத்துணி சற்று உதவியிருக்கும். தம்பிக்குத் தேவைப்பட்டது அதைவிட அதிகம்.

மூடிய அறையின் கணக்கு

அப்படியென்றால் எல்லாச் சன்னல்களையும் இறுக மூடிக் குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டால் போதுமா? இங்கேதான் இரண்டாவது சிக்கல் வருகிறது.

சில காலத்துக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் முடிந்த அக்கா மகனை அழைத்துவரப் போயிருந்தேன். கடைவீட்டு மாடியில் ஓர் அறை. சன்னல்களை ஒட்டுத்தாள் போட்டு அடைத்திருந்தார்கள். நாற்பது பிள்ளைகள், ஓர் ஏர்கோன். “மாமா, கணக்குப் பாடம்னாலே தூக்கம் வருது” என்றான். என் பையில் எப்போதும் கையடக்கக் கரிவளி மானி ஒன்று இருக்கும். அறைக்குள் வைத்துப் பார்த்தேன். எண் 2,000ஐத் தாண்டி நின்றது. தூக்கத்துக்குக் கணக்குப் பாடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்று அவனுக்குச் சொன்னேன்.

அந்த எண் எப்படி வந்தது என்பதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 189 கன மீட்டர். உள்ளே 35 பேர். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரிவளியை வெளிவிடுகிறார். 35 பேருக்கு 630 லிட்டர், அதாவது 0.63 கன மீட்டர். இதை 189ஆல் வகுத்தால், காற்று வெளியேற வழியே இல்லாத அறையில் கரிவளி மணிக்கு ஏறத்தாழ 3,300 பி.பி.எம். கூடும். பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெளிக்காற்றில் இன்று இருப்பது 420 பி.பி.எம். அளவு. அங்கிருந்து 1,000ஐத் தொடப் பத்து நிமிடங்களுக்குச் சற்று கூடுதலான நேரமே போதும். நிஜ அறைகளில் கதவு இடுக்கு வழியே கொஞ்சம் காற்று மாறுவதால் சற்று மெதுவாக ஏறும். ஆனாலும் ஒரு பாடவேளை முடிவதற்குள் 1,000ஐத் தாண்டிவிடும்.

“ஏர்கோன் ஓடுகிறதே, அது காற்றை மாற்றாதா?” என்று பலர் கேட்பார்கள். மாற்றாது. வீட்டிலும் வகுப்பறையிலும் சுவரில் மாட்டியிருக்கும் வகை, உள்ளே இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப அனுப்புகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டும் வெளியேற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நான் சந்தித்த பெற்றோரில் பலருக்கு இது செய்தியாகவே இருந்தது.

கரிவளி கூடினால் என்ன ஆகும்? 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் உஷா சதீஷ் என்ற பேராசிரியரும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினரும் 22 பேரை 600, 1,000, 2,500 பி.பி.எம். அளவுகளில் அமரவைத்து முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். 1,000இலேயே ஒன்பது அளவுகோல்களில் ஆறில் திறன் குறைந்திருந்தது. பிறகு வந்த சில ஆய்வுகளில் இதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை: கரிவளி கூடிய அறை என்றால், நீங்கள் மற்றவர்கள் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறீர்கள் என்று பொருள். கிருமிகளும் உடல் வெளிவிடும் பிற வாயுக்களும் அதே அளவில் தேங்கியிருக்கும். டென்மார்க்கில் பாவெல் வார்கோக்கியும் டேவிட் வையனும் பள்ளிகளில் நடத்திய ஆய்வுகளில், வகுப்பறைக்குள் வரும் வெளிக்காற்றை இரட்டிப்பாக்கியபோது மாணவர்கள் பாடப்பயிற்சிகளை வேகமாகச் செய்தார்கள்.

ஆக, புகைமூட்டத்தின்போது சன்னலைத் திறந்தால் துகள், மூடினால் மூச்சு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு தலைமையாசிரியரை விடுவது நியாயமில்லை. இதற்குப் பொறியியல் விடை உண்டு: வெளிக்காற்றை வடிகட்டி வழியாக உள்ளே கொண்டுவருவது, அல்லது உள்ளே ஒரு வடிகட்டியை ஓடவிட்டு, சன்னலை அளவாகத் திறப்பது. கோவிட் காலத்தில் ரிச்சர்ட் கோர்சி என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் பொறியாளரும், வடிகட்டித் தொழிலில் இருந்த ஜிம் ரோசெந்தாலும், நான்கு வடிகட்டிகளைப் பெட்டிபோல் ஒட்டி மேலே ஒரு மின்விசிறியை வைத்து மலிவான காற்றுத் தூய்மிப்பானை உருவாக்கினார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்களே அதைச் செய்தார்கள். நம் பள்ளிகளின் அறிவியல் கழகங்களுக்கும் அது ஒரு பிற்பகல் வேலைதான்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

மலேசியாவில் உட்புறக் காற்றுக்கு விதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர நெறிமுறை இன்றும் வழக்கில் உள்ளது. கரிவளி 1,000 பி.பி.எம். தாண்டக்கூடாது; வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி செல்சியஸ்; ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு; காற்றின் வேகம் வினாடிக்கு 0.15 முதல் 0.50 மீட்டர் என்று அது வரையறுக்கிறது. ஆனால் அது குளிர்சாதனமோ இயந்திரக் காற்றோட்டமோ உள்ள, தொழிற்சாலை அல்லாத வேலையிடங்களுக்கானது. மின்விசிறி மட்டும் சுழலும் வகுப்பறை அதற்குள் வராது.

வகுப்பறைக்கு வேறொரு விதி இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டடத் துணைவிதிகளின்படி, பள்ளி வகுப்பறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 20 விழுக்காடு இருக்க வேண்டும்; அதில் காற்று தடையின்றி நுழையும் திறப்பு 10 விழுக்காடு. வீடுகளுக்குக் கேட்பதைப்போல் இது இரண்டு மடங்கு. பிள்ளைகள் நெருக்கமாக உட்காரும் இடம் என்று அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இப்போது பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நல்லெண்ணத்தோடு நிதி திரட்டி வகுப்பறைகளில் ஏர்கோன் பொருத்துகின்றன. மறுநாளே சன்னல்கள் மூடப்படுகின்றன. காற்றோட்டத்துக்காக வரையப்பட்ட கட்டடம், காற்றோட்டமே இல்லாத கட்டடமாகிறது. ஏர்கோனோடு ஒரு சிறு காற்றுவாங்கி விசிறியும் வடிகட்டியும் சேர்த்துப் பொருத்தினால் தீரும் பிரச்சினை இது. அதைச் சொல்ல ஆள் இல்லாததால் யாரும் செய்வதில்லை.

அலுவலகங்களிலும் கதை வேறில்லை. என் தொடக்க காலத்தில், கோலாலம்பூரில் ஓர் உயர்மாடிக் கட்டடத்தில் ஊழியர்களுக்குத் தொடர்ந்து தலைவலியும் சோர்வும் இருப்பதாகப் புகார் வந்தது. ஏ.எச்.யு. அறைக்குள் போய்ப் பார்த்தால், புதுக்காற்று வரும் டேம்பரைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த யாரோ எப்போதோ செய்த வேலை. சூடான, ஈரமான வெளிக்காற்றைக் குளிரவைக்கச் செலவாகும் என்பது உண்மைதான். அந்தச் செலவை ஊழியர்களின் தலைகள் தாங்கிக்கொண்டிருந்தன.

இதை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜூன் 1ஆம் தேதி முதல் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நாட்டின் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களையும் தன் கீழ்க் கொண்டுவந்துள்ளது. 2025 ஜனவரி 1ஆம் தேதி முதல் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. ஒன்று காற்றைக் கவனி என்கிறது, மற்றொன்று மின்சாரத்தைக் குறை என்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த பொறியாளர் இல்லாவிட்டால், முதலில் மூடப்படுவது அந்த டேம்பராகத்தான் இருக்கும்.

உலக அளவிலும் விவாதம் இதே திசையில் செல்கிறது. கோவிட் காற்றில் பரவுகிறது என்பதை ஏற்க உலகச் சுகாதார நிறுவனம் தயங்கிய 2020ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக இயற்பியலாளர் லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்டனும் எழுதிய திறந்த மடலை 239 அறிவியலாளர்கள் ஆதரித்தார்கள். 2024இல் மொராவ்ஸ்கா குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில், பொதுக் கட்டடங்களின் உட்புறக் காற்றுக்குச் சட்டமே வேண்டும் என்று எழுதினார்கள். கரிவளிக்கு அவர்கள் பரிந்துரைத்த வரம்பு 800 பி.பி.எம். நம் நெறிமுறையைவிடக் கடுமையானது.

24 டிகிரியா, 28 டிகிரியா?

காற்று ஒரு பக்கம் என்றால் வெப்பம் மறுபக்கம். 2016 மார்ச்சில் வெப்பம் தாங்காமல் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் கடும் வெயில் நாட்களில் மாணவர்கள் விளையாட்டு உடையில் பள்ளிக்கு வர அனுமதிக்கப்பட்டதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். உடை மாறினால் வெப்பம் எப்படிக் குறையும்? குறைவது வெப்பநிலை அல்ல, உங்கள் உடல் அதை உணரும் விதம்.

இதை முதலில் சமன்பாடாக்கியவர் டென்மார்க் பொறியாளர் ஓலே ஃபாங்கர். 1970இல் வெளியான அவரது நூலின்படி, ஒருவருக்கு இதமாக இருக்கிறதா என்பதை ஆறு காரணிகள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பநிலை, சுவர் கூரைகளிலிருந்து வீசும் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, உடலின் உழைப்பு. அவரது சமன்பாடுதான் இன்றும் உலகக் குளிர்சாதனத் தரங்களின் அடிப்படை. ஆனால் அவர் சோதித்தது பெரும்பாலும் குளிர்நாட்டுக் கல்லூரி மாணவர்களை, கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில்.

நம் பக்கத்து மனிதர்களைக் கேட்டபோது வேறு விடை கிடைத்தது. 1991இல் ரிச்சர்ட் டி டியர் குழுவினர் சிங்கப்பூரில் ஆய்வு செய்தார்கள். குளிர்சாதன அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு 24.2 டிகிரி இதமாக இருந்தது; காற்றோட்டமான அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்களுக்கோ 28.5 டிகிரி. பின்னர் மாதவி இந்திரகாந்தி, சென்னையிலும் ஹைதராபாத்திலும் உள்ள 28 அலுவலகங்களில் ஆய்வு நடத்தினார். காற்றோட்டமான அலுவலகங்களில் இதமான வெப்பநிலை சராசரியாக 28 டிகிரி. குளிர்சாதன அலுவலகங்களில்கூட 26.4 டிகிரி. கோலாலம்பூரில் உள்ள மலேசிய ஜப்பான் அனைத்துலகத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக வகுப்பறைகளில் மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு ஆராய்ந்துள்ளார்கள். பழகிய தட்பவெப்பத்துக்கு உடல் இசைந்துகொள்கிறது. மின்விசிறியும் மெல்லிய உடையும் மீதி வேலையைச் செய்கின்றன. நல்ல கூரைமின்விசிறி ஒன்று, உணரும் வெப்பத்தை ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துவிடும்.

பிறகு ஏன் நம் அலுவலகங்களிலும் திரையரங்குகளிலும் விரைவுப் பேருந்துகளிலும் சுவெட்டர் போட வேண்டியிருக்கிறது? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சந்திர சேகர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த கேள்வி இது. தேவைக்கு மிஞ்சிய பெரிய இயந்திரங்களைப் பொருத்துவது ஒரு காரணம். ஈரத்தை வெளியேற்றுவதற்காகக் காற்றை அளவுக்கு மீறிக் குளிரவைப்பது மற்றொன்று. அவரும் சகப் பேராசிரியர்களும் புதுக்காற்றையும் உள்ளே சுழலும் காற்றையும் ஒரே குளிர்ச்சுருளில், ஆனால் இரண்டு தனி விசிறிகளால் கட்டுப்படுத்தும் அமைப்பை உருவாக்கினார்கள். புதுக்காற்றையும் தர வேண்டும், மின்சாரத்தையும் வீணாக்கக்கூடாது என்பதற்கு அது ஒரு வெப்பமண்டல விடை.

இந்தியாவில் 2020 முதல் புதிய ஏர்கோன்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். சிறிய விதி, ஆனால் பலர் மாற்றாமலேயே விட்டுவிடுவார்கள் என்பதில்தான் அதன் பலன்.

ஏர்கோன் வாங்க முடியாத குடும்பங்களை இந்த விவாதத்தில் மறந்துவிடக்கூடாது. ஜொகூர் பாருவின் தொடர்வீடுகளில் டெட்சு குபோதாவும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் பயனுள்ளது. நாம் பகலில் சன்னலைத் திறந்து இரவில் மூடுகிறோம். அதைத் தலைகீழாக்கினால், அதாவது இரவில் திறந்து பகலில் மூடினால், பகலின் உச்ச வெப்பம் 2.5 டிகிரி வரை குறைகிறது. செங்கல் சுவர் இரவின் குளிர்ச்சியைச் சேமித்துவைக்கும். நாம் இரவில் மூடுவதற்குக் காரணம் கொசுவும் திருட்டுப் பயமும். ஆகவே ஒரு கொசுவலையும் இரும்புக் கம்பியும் இங்கே வெப்பத்தைக் குறைக்கும் கருவிகள்.

வீட்டுக்குள் நாமே மூட்டும் புகை

கொசு என்றதும் கொசுவர்த்திச் சுருள் நினைவுக்கு வரும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம். மூடிய படுக்கையறையில், குழந்தையின் கட்டிலுக்கு அடியில் இரவு முழுவதும் அது எரிகிறது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் அளவில் சிறியவை. ஆனால் அவையும் புகைதான். வழிபாட்டை விடச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சன்னலைத் திறந்துவையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உலக அளவில் இது சிறிய விஷயமல்ல. விறகு, கரி போன்றவற்றால் சமைக்கும் வீடுகளின் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன், தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் துகள்களை அளந்து இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர். அவரது குழுவும் பங்கேற்ற நான்கு நாட்டு ஆய்வில், சுமார் 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு எரிவாயு அடுப்பு கொடுக்கப்பட்டது. புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. அதையும் மறைக்காமல் 2022இல் வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இது. எதிர்பார்த்த விடை வராதபோதும் வந்த விடையை எழுதுவதுதான் ஆராய்ச்சி.

நீங்கள் வர விரும்பினால்

இந்தத் துறைக்கு ஒரே வாசல் இல்லை. கோர்சி சுற்றுச்சூழல் பொறியாளர், மொராவ்ஸ்கா இயற்பியலாளர். அறுபதுகளில் பிறந்த எங்கள் ஆசிரியர்களின் தலைமுறைக்குக் கோலாலம்பூரின் நகர வெப்பத்தை அளந்து காட்டிய சாம் சானி ஒரு புவியியலாளர். சுபாங் ஜெயாவில் 1992இல் எழுந்த மெனாரா மெசினியாகாவை வெயிலுக்கு ஏற்ப வடிவமைத்து, 1995இல் ஆகா கான் விருது பெற்ற கென் யாங் ஒரு கட்டடக் கலைஞர்.

பொறியியல் வழியில் வருவதென்றால் எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றில் நல்ல அடித்தளம் வேண்டும். பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா. இயந்திரவியல், வேதியியல், சுற்றுச்சூழல் பொறியியல் ஆகிய மூன்றும் பொருந்தும். மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டமா என்று முதலில் பாருங்கள். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் ஒப்பந்தத்தின் முழு உறுப்பினர் என்பதால், அந்த அங்கீகாரத்துக்கு வெளிநாடுகளிலும் மதிப்பு உண்டு. வேலை அனுபவத்துக்குப் பின், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவுபெற்ற உட்புறக் காற்றுத் தர மதிப்பீட்டாளர் ஆகலாம். பாங்கியில் உள்ள ‘நியோஷ்’ கழகம் இத்தகைய பயிற்சிகளுக்குப் பெயர் பெற்ற இடம். ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் முதுகலையும் முனைவர் பட்டமும் தேவை.

கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். “உட்புறக் காற்று ஆய்வாளர் தேவை” என்ற விளம்பரத்தை நீங்கள் அடிக்கடி பார்க்க மாட்டீர்கள். குளிர்சாதன வடிவமைப்பு, பசுமைக் கட்டட ஆலோசனை, எரிசக்தித் தணிக்கை, தொழில் சுகாதாரம் என்ற பெயர்களில்தான் வேலை வரும். புகைமூட்டம் இருக்கும் மாதத்தில் எல்லாரும் உங்களை அழைப்பார்கள்; மழை வந்ததும் மறந்துவிடுவார்கள். நான் முதலில் சேர்ந்த நிறுவனத்தில், “குளிராக இருந்தால் வாடிக்கையாளர் புகார் செய்ய மாட்டார், கேள்வி கேட்காதே” என்றார்கள். கேள்வி கேட்டதால்தான் ஆராய்ச்சிக்கு வந்தேன். சம்பளம் குறைந்தது. அதற்காக வருந்தவில்லை.

ஏனென்றால் இது நம் மக்களுக்கு நெருக்கமான துறை. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துவிட்டுத் தாழ்கூரை அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பும் பெற்றோர், மாடியறையில் டியூஷன் படிக்கும் பிள்ளை, இழுப்பு நோயோடு புகைமூட்டத்தைக் கடக்கும் தம்பி: இவர்கள் இழுக்கும் மூச்சை அளக்க, அந்த வீட்டிலிருந்தே ஒருவர் வந்தால் சரியான இடத்தில் கருவியை வைப்பார்.

தொடங்குவதற்குப் பட்டம் வரை காத்திருக்க வேண்டாம். கரிவளி மானி ஒன்றின் விலை இன்று சாதாரணக் கைப்பேசியின் விலையைவிடக் குறைவு. உங்கள் அறிவியல் கழகத்தில் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். காலை முதல் பாடத்தில் ஓர் அளவு, கடைசிப் பாடத்தில் ஓர் அளவு. சன்னல் திறந்து ஒரு நாள், மூடி ஒரு நாள். இரண்டு வாரம் எழுதிவையுங்கள். அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் காட்டுங்கள். எண்ணோடு வரும் மாணவனை யாரும் எளிதில் உட்காரச் சொல்லிவிட முடியாது.

2019இல் ஜொகான் செத்தியா மீண்டும் எரிந்தபோது, கிள்ளான் வீட்டின் வரவேற்பறையில் நானே செய்த வடிகட்டிப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு துகள்மானி. வெளியில் இருந்த அளவைவிட உள்ளே மிகக் குறைவு. தம்பி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மானியைப் பார்த்துவிட்டு, “இப்போ சொல்லலாம் அண்ணே, உள்ள புகை கம்மிதான்” என்றான். அதே பதிலைப் பக்கத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் சொல்ல முடிய வேண்டும். அந்த வேலைக்கு ஆள் போதவில்லை.